மாமாவின் லோரியும் என் டர்போ காரும்

‘மின்யாக் ஈத்தாம்’ என்று சொன்னால் பினாங்கில் எந்தப் பட்டறையிலும் புரியும். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே எஞ்சின் எண்ணெயை அப்படித்தான் அழைக்கிறோம். தமிழில் உயவு எண்ணெய், மசகு எண்ணெய் என்ற சொற்கள் உண்டு. ஏட்டில் உண்டு, பட்டறையில் இல்லை. பெயர் எதுவானாலும் வண்டி ஓடும். ஆனால், எந்த எண்ணெயை ஊற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது ஒரு தமிழ்ச் சொல் எங்கள் வீட்டில் பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டது. அந்தச் சொல் ‘செயற்கை’.

மின்டன் வளாகத்தில் வேதியியல் படித்து முடித்து, பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பழைய கார் ஒன்று வாங்கினேன். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். முன்பணத்தில் பெரும்பகுதி என் தாய்மாமா தந்தது. பட்டர்வொர்த் துறைமுகத்திற்குக் கொள்கலன் லோரி ஓட்டி முப்பது ஆண்டுகளில் அவர் சேர்த்த பணம். டர்போ கெட்டுப்போனால் மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் செலவும் அவர் தலையில்தான் விழும்.

பட்டறைத் தவுக்கே முழுச் செயற்கை எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்றார். மாமாவுக்கு உடன்பாடில்லை.

“செயற்கைன்னா போலிதானே, மருமவனே? அசல் இருக்கும்போது அதுக்கு எதுக்கு ரெண்டு மடங்கு காசு? என் லோரிக்கும் டர்போதான். முப்பது வருசமா மினரல்தான் ஊத்துனேன். ஒரு நாள் வழியில நின்னிருக்குமா?”

நியாயமான கேள்வி. படித்த திமிரில் தட்டிக்கழிக்கக் கூடியதன்று.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இரண்டு எண்ணெய்களுக்கும் பெரும்பாலும் பூர்வீகம் ஒன்றே: பெட்ரோலியம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்துச் சுத்திகரித்தால் மினரல் எண்ணெய். அதில் சிறிதும் பெரிதுமாகப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். சூடேறினால் இலேசானவை ஆவியாகும். நிலையற்றவை பிராணவாயுவோடு சேர்ந்து பிசினாகவும் கரியாகவும் மாறும். அதையே உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து மூலக்கூறுகளை உடைத்துச் சீராக்கினால் ‘குரூப் 3’ எண்ணெய். நம் பெட்ரோனாஸ் நிறுவனம் மலாக்காவில் தயாரிப்பது இவ்வகைதான். இன்று கடைகளில் ‘முழுச் செயற்கை’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுவே. சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து உருவாக்குவது ‘குரூப் 4’. வேதியியலில் இப்படி உருவாக்குவதைத் ‘தொகுப்பு’ என்கிறோம். ‘தொகுப்பு எண்ணெய்’ என்று சொல்லியிருந்தால் மாமாவுக்குச் சந்தேகமே வந்திருக்காது என்று தோன்றுகிறது.

இனி லோரிக்கு வருவோம். மாமா சொன்னதில் பொய்யில்லை. அவர் ஓட்டியது பெரிய டீசல் எஞ்சின். அதில் இருபது லிட்டருக்கு மேல் எண்ணெய் இருக்கும், சூடு பங்கிடப்பட்டுவிடும். டீசல் புகையின் வெப்பமும் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. பெரிய டர்போ என்பதால் சுழலும் வேகமும் குறைவு.

என் காரிலோ ஏறத்தாழ நான்கு லிட்டர் எண்ணெய்தான். டர்போவுக்குள் நுழையும் புகை 900 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். அதன் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. சிறிய டர்போக்களில் இரண்டு இலட்சத்தையும் தொடும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா? அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எஞ்சினை அணைத்தவுடன் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். சூடான டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். இன்றைய டர்போக்கள் பலவற்றைக் குளிர்நீரும் காக்கிறது என்றாலும், வெப்பம் தாங்கும் எண்ணெய் அவசியம்.

செயற்கை எண்ணெய் கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். 5டபிள்யூ-30 என்பதிலுள்ள ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பதுதான். பினாங்கில் அந்தப் பெருமையால் பெரிய பயனில்லை. இங்கே நம் எதிரி வெப்பம். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்வதும், பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் மலைச்சாலை ஏறுவதும் எஞ்சினுக்கு எளிதான வேலையன்று.

செலவையும் கணக்கிட்டேன். எங்கள் பட்டறையில் மினரல் நான்கு லிட்டர் 80 ரிங்கிட். முழுச் செயற்கை 160. வடிகட்டியும் கூலியும் ஒவ்வொரு முறையும் 35. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால், மினரலை 5,000க்கு ஒருமுறை என மூன்று தடவை மாற்ற வேண்டும்: 345 ரிங்கிட். செயற்கையை, நெரிசலைக் கருதி 7,500க்கு ஒருமுறை மாற்றினாலும் இரண்டு தடவை: 390 ரிங்கிட். ஆண்டுக்கு 45 ரிங்கிட் வித்தியாசத்திற்காக ஆயிரக்கணக்கான ரிங்கிட் டர்போவைப் பணயம் வைப்பதா?

செயற்கை என்பதாலேயே எல்லாம் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நேரடி எரிபொருள் பாய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் அழுத்தி ஓட்டும்போது, கலவை தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எண்ணெயில் கால்சியம் மிகுந்தால் இது கூடும். இதைச் சோதித்தே 2020இல் ‘ஏபிஐ எஸ்பி’ என்ற தரம் வந்தது. டீசல் லோரி எண்ணெயை என் காருக்கு ஊற்றக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ என் லோரிக்கு நான் ஊத்துனது சரிதானே?”

“சரிதான் மாமா.”

“அப்ப ஒன் காருக்கு நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு. மலை ஏறி வந்ததும் டக்குனு அணைச்சிடாத. ஒரு நிமிசம் சும்மா ஓடவிடு. நான் தினம் அப்படித்தான் செஞ்சேன்.”

நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் முப்பது ஆண்டுகளாகக் கையால் செய்துகொண்டிருந்தார்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கார் வாங்குவீர்கள். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021இல் வந்த பெரோடுவா அத்திவா என நம் நாட்டுக் கார்களிலும் டர்போ பெருகிவிட்டது. அப்படிப்பட்ட காருக்குச் செயற்கை எண்ணெயே தகும். டர்போ இல்லாத பழைய கஞ்சில் கிடைத்தால் மினரல் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினாலே போதும். வீண் செலவு வேண்டாம். எந்தக் காரானாலும் புட்டியிலுள்ள பொன்னெழுத்தை நம்பாமல், கையேட்டில் உள்ள தரத்தைப் பார்த்து, நம்பகமான கடையில் வாங்குங்கள். போலிப் புட்டிகளும் சந்தையில் உண்டு. மாமா அஞ்சிய போலி உண்மையில் அதுதான்.