வாசல்ல நின்ன மூணு மான்

தேங்க்ஸ்கிவிங் வான்கோழி செரிக்கறதுக்கு முன்னாடியே எங்க தெருவுல (ஒஹாயோ மாநிலம்) ஆளாளுக்கு ஏணியத் தூக்கிடுவாங்க. கூரை ஓரம் பூரா லைட்டு. புல்தரையில காத்தடிச்ச நைலான் சாண்டா. ராத்திரி ஜம்முனு நிப்பார், பகல்ல மோட்டாரை நிறுத்தினதும் காயப்போட்ட வேட்டி மாதிரி சுருண்டு கிடப்பார். பாவமா இருக்கும் :-)

நாங்க கிறிஸ்துவங்க இல்லை. ஆனா தெருவுல எங்க வீடு மட்டும் இருட்டா இருக்கேன்னு ஏழு வயசு மகளுக்கு ஒரே ஏக்கம். கடையில வாங்காம மரத்துலயே மான் செய்யலாம்னு நான் முடிவெடுத்ததுக்குக் காரணம் அவ இல்லை, எங்க அப்பா.

2023 ஜூன்ல அம்மா தவறிட்டாங்க. அக்டோபர்ல அப்பாவை இங்க கூட்டிட்டு வந்தேன். வந்த நாள்லருந்து ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். "சாப்டீங்களாப்பா?" "ம்." "தூங்குனீங்களா?" "ம்." அம்மா பேரை யாரும் எடுக்கறதில்லை. அவரும் எடுக்கலை. ஊருக்கே திரும்பிப் போயிடறேன்னுவாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். அங்க போனா தனி வீடு, தனி ஆள்.

அப்பா கோயமுத்தூர்ல ஒரு பவுண்டரியில 38 வருஷம் பேட்டர்ன் மேக்கர். தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பம்புசெட்டு, மோட்டார் பாடி எல்லாம் இரும்பை உருக்கி மண் அச்சுல ஊத்திச் செய்யறது. அந்த அச்சு எடுக்க முதல்ல மரத்துல அதே உருவத்தைச் செய்யணும். அதான் பேட்டர்ன். உருகின வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்குச் சுமாரா ஒரு நூல் (அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) சுருங்கும். அதனால பேட்டர்ன் ஷாப்புல தனி ஸ்கேல் இருக்கும். அதுல ஒரு அடின்னா நெசத்துல ஒரு அடி ஒரு நூல்! அமெரிக்கா வர்றப்பவும் அந்த ஸ்கேலைப் பெட்டியில வெச்சுத்தான் எடுத்துட்டு வந்தார். எதுக்குன்னு நான் கேக்கலை.

நாலுக்கு எட்டடி, அரை அங்குல பிளைவுட் ஒண்ணு வாங்கிக் கராஜ்ல சாத்தி வெச்சேன். வெளியில வைக்கறதுக்குன்னே, தண்ணிக்குத் தாங்கற பசை போட்டு ஒட்டினது. மான் படத்து மேல ஒரு அங்குலக் கட்டம் போட்டு, பலகையில ஆறு அங்குலக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைஞ்சுட்டிருந்தேன். பின்னாடி ஸ்வெட்டரோட அப்பா.

"கொம்பு இவ்ளோ ஒல்லியா நிக்காது கண்ணு. காத்துக்கு ஒடிஞ்சு போகும்."

அம்மா போனதுக்கப்புறம் அவர் பேசின முதல் முழு வாக்கியம் அதுதான்னு நினைக்கிறேன்.

அப்புறம் நான் எடுபிடிதான். ஸ்கேல் வெளிய வந்துச்சு. (எங்க மான் அடிக்கு ஒரு நூல் பெருசு. மான் சுருங்கப் போறதில்லை, பரவாயில்லை.) அவர்கிட்டக் கத்துக்கிட்டது சிலது, செய்யறவங்களுக்கு உதவும்:

ஜிக்ஸாவோட பல்லு மேல் நோக்கி வெட்டும். சிலாம்பு மேல்பக்கம்தான் தெறிக்கும். அதனால நல்ல முகத்தைக் கீழ வெச்சு, பின்பக்கம் வரைஞ்சு அறுக்கணும்.

காலும் வயிறும் சேர்ற மூலை கூர்மையா இருக்கக் கூடாது. விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். முதல்ல அரை அங்குல ஓட்டை போட்டுட்டு, அதுவரைக்கும் வந்து அறுப்பை நிறுத்தணும். "வார்ப்புலயும் இதே கதைதான்"னார்.

தண்ணி பலகையோட முகத்துல இறங்காது, ஓரத்துலதான் இறங்கும். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ரெண்டு கை பிரைமர். பெயிண்ட் ரெண்டு பக்கமும் அடிக்கணும், ஒரு பக்கம் விட்டா பலகை வளைஞ்சுடும்.

பெயிண்ட் டப்பாவுல 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ அடிக்காதேன்னு போட்டிருந்தது. கராஜ்ல அதைவிடக் குளிர். மூணு மானும் ஹாலுக்கு வந்துச்சு. வீட்டம்மா முகத்தை நான் பார்க்கவே இல்லை :-)

மகளுக்கு ஒரு மானுக்காவது சிவப்பு மூக்கு வேணும். அந்த மான் 1939ல ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர், குழந்தைகளுக்கு இலவசமாக் கொடுத்த புத்தகத்துல பொறந்ததுன்னு சொன்னேன். "கடை விளம்பரமா? அப்ப நல்ல சிவப்பா அடி"ன்னு பேத்திகிட்ட பிரஷ்ஷைக் கொடுத்தார்.

கொம்புக்குப் பழுப்பு அடிக்கறப்ப திடீர்னு கேட்டார், "இது கெடாயா, பொட்டையா?"

இந்த ஜாதி மான்ல ரெண்டுக்கும் கொம்பு உண்டு. ஆனா வளர்ந்த ஆண் மான்கள் பெரும்பாலும் டிசம்பருக்குள்ள கொம்பை உதிர்த்துடும். பொட்டைக்கு வசந்தம் வரைக்கும் இருக்கும். அப்படிப் பார்த்தா சாண்டா வண்டியை இழுக்கறது அத்தனையும் பொட்டைதான்னு சொன்னேன்.

பிரஷ் நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்கம்மாவும் அப்படித்தான் கண்ணு. நான் பட்டறையே கதின்னு கிடந்தேன். வண்டிய அவதான் இழுத்தா"ன்னார். அப்புறம் நிறுத்தலை. 1984ல ஸ்ட்ரைக் நடந்தப்ப அம்மா வளையலை வித்து அரிசி வாங்கினது, எனக்கு ஃபீஸ் கட்டினது... நான் கேட்டிராத கதையெல்லாம் வந்துச்சு. பெயிண்ட் டப்பாவுல ஆடை கட்டிடுச்சு. மகள் அப்பாரு மடியில தலை வெச்சுத் தூங்கிட்டா. ரெண்டு பேரும் அழுதோம். நாலு மாசமா வராதது அன்னிக்கு வந்துச்சு.

தரை உறையறதுக்கு முன்னாடியே கான்கிரீட் கம்பியை ரெண்டு அடித்துண்டா அடிச்சு வெச்சிருந்தோம். (பனி இறுகிட்டா சுத்தியலுக்குத்தான் வலிக்கும்.) அதுல கிளாம்ப் போட்டு மானை நிறுத்தி, கீழ ஒரு ஃப்ளட்லைட். டிசம்பர் பூரா காத்தடிச்சும் ஒரு கொம்பு ஒடியலை. எதிர்வீட்டுக்காரர் வந்து எங்க வாங்கினீங்கன்னார். அப்பா தமிழ்லயே "நாங்க செஞ்சது"ன்னார். அவருக்குப் புரிஞ்சுது.

மார்ச்சுல அப்பா ஊருக்குக் கிளம்பிட்டார். இருங்கன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. ஆனா போறப்ப பேசிக்கிட்டே போனார். அந்த ஸ்கேலை இங்கயே விட்டுட்டார். இப்பவும் போன் பண்ணா முதல் கேள்வி, "ஓரத்துல தண்ணி எறங்கலையே?"

செய்யறவங்க ஜனவரியில கழட்டினதும் துடைச்சு, தரையில படாம செங்கல் மேல வையுங்க. இது அவர் சொன்னது.