கூத்துப்பட்டறையின் சம்பள நாள்

நடிகர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவர் கூத்துப்பட்டறைக்காரர்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று பட்டியல் நீளும். சினிமாவுக்கு ஆள் அனுப்பிய இடமாக மட்டுமே அதை நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1977இல் ந. முத்துசாமி அந்த நாடகக் குழுவைத் தொடங்கினார். புஞ்சை கிராமத்துக்காரர், சிறுகதை எழுதியவர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, நம் நவீன நாடகத்துக்கான உடல்மொழி அங்கேதான் இருக்கிறது என்று நம்பினார். அவருடைய 'நாற்காலிக்காரர்' நாடகத்தை மேடையேற்றிய அதே குழுதான் பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகமான 'சந்திரஹரி'யையும் எடுத்து ஆடியது. பழையதும் புதியதும் ஒரே நடிகர்களின் உடம்பில் பழக வேண்டும். நிரந்தரக் குழு என்பதன் பொருளே அதுதான்.

அதைவிடப் பெரிய காரியம், நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமாகப் பயிற்சி தந்தது. ஆபீஸ் முடிந்து களைத்துப்போய் ஒத்திகைக்கு வருகிற நாடகச் சூழலில் எத்தனை துணிச்சல் அது! மானியத்தை நம்பி நடந்த ஏற்பாடு என்பதால், பணம் வராத காலங்களில் தடுமாற்றமும் இருந்தது.

முத்துசாமி 2018இல் மறைந்தார். சிறிய குழுக்கள் இன்றும் நாடகம் போடுகின்றன. அவற்றின் நடிகர்களுக்கும் சம்பளம் கிடைக்க வேண்டுமென்றால், தயவுசெய்து ஓசி பாஸ் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள்.