தார் ஆறுவதற்குள்

மழைக்காலம் முடிந்து சில மாதங்களில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரியான படம் வரத் தொடங்கும். புதிதாகப் போட்ட தார்ச்சாலையை ஊர்க்காரர் ஒருவர் வெறுங்கையால் பெயர்த்துக் காட்டுவார். தாரைக் குறைத்துவிட்டார்கள், ஜல்லியைக் குறைத்துவிட்டார்கள், கமிஷன் போய்விட்டது என்று செய்தி காரணம் சொல்லும். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அண்ணாகிராமம் ஒன்றியத்துக் கிராமச் சாலைகளில் தை, மாசி மாதங்களில் வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். தார், ஜல்லி இரண்டும் அளவாகச் சேர்ந்த கலவைகூட, ரோலர் ஏறுவதற்குள் ஆறிப்போனால் அதே கதிதான். சாலையின் ஆயுள் கலவையின் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டைக் காப்பவர் வேலையாள். ஆறிய கலவையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. இந்தக் கட்டுரை அந்த உரிமையைப் பற்றியது.

கடலூருக்கு மேற்கே, பண்ருட்டியை ஒட்டியிருக்கிறது அண்ணாகிராமம். தென்பெண்ணையும் கெடிலமும் ஓடும் பகுதி. கரும்பும் முந்திரியும் பலாவும் விளையும் மண். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலைகளைக் கரைக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று பெரிய அடிகளும் உண்டு. மழை ஓயும் வரை தார் வேலை நடக்காது. மழை ஓய்ந்த பிறகோ மார்ச் 31க்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே வேலை முழுவதும் பனி பெய்யும் மாதங்களிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறது. அதே மாதங்களில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஓடுகின்றன. போட்டு முடித்த கையோடு பாரம் ஏறுகிறது. சாலைக்கு இறுகக்கூட அவகாசம் கிடைப்பதில்லை.

கலவை ஆலையில் நடப்பதை இங்கே விரிக்கப்போவதில்லை. அங்கே எந்திரம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன. டிப்பர் ஆலையை விட்டுக் கிளம்பியதிலிருந்து நடப்பதே என் கவலை. நெடுஞ்சாலைப் பணிகளுக்கான மத்திய அமைச்சகத்தின் விதிநூல், 2013இல் வந்த ஐந்தாம் திருத்தத்தில், வெப்பநிலையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வி.ஜி.30 வகைத் தாரென்றால் கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரி இருக்க வேண்டும். சாலையில் பரப்பும்போது 140க்குக் குறையக் கூடாது. உருட்டி அழுத்தும்போது 90க்குக் கீழே இறங்கக் கூடாது. 140க்கும் 90க்கும் இடையிலுள்ள இந்த ஐம்பது டிகிரிதான் சாலைத் தொழிலாளியின் கையிலிருக்கும் மொத்த நேரம். வெல்லம் காய்ச்சுகிறவருக்குப் பாகு பதம் தவறுவதைப் போலத்தான் இதுவும். அந்த நேரத்துக்குள் வாரியால் இழுத்துச் சமன் செய்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ரோலரை ஓட்டி முடிக்க வேண்டும். தவறினால் ஜல்லிகள் ஒன்றோடொன்று நெருங்காமல் இடைவெளியோடு நின்றுவிடும். மேலே பார்த்தால் கறுப்பாக, மட்டமாகத்தான் தெரியும். அடுத்த ஐப்பசியில் அந்த இடைவெளிகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லிண்டன், மஹோனி, ஜாக்சன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே சொன்னது. அடர்கலவைச் சாலையில் காற்றிடைவெளி 7 சதவீதத்தைத் தாண்டியபின் கூடும் ஒவ்வொரு சதவீதமும் சாலையின் ஆயுளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் குளிரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே விதிநூல் காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் வேலையை நிறுத்தச் சொல்கிறது. இங்கே மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அதே விதியில் தேங்கிய நீர், மழை, மூடுபனி, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று ஆகியவையும் தடையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. காற்று எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதைவிட, அடித்தளம் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, மேலே விரிக்கும் படலம் எவ்வளவு மெல்லியது என்பவையே பெரிய கேள்விகள். கிராமச் சாலைகளில் விரிப்பது பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் படலம். தடிமன் பாதியானால் ஆறும் நேரம் பாதியாவதில்லை, ஏறத்தாழ கால் பங்காகிவிடுகிறது. நெடுஞ்சாலையில் 40 மில்லிமீட்டர் விரிப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் கிராமத்தில் விரிப்பவருக்குக் கிடைக்காது. இதோடு பனி ஈரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் கால் லிட்டர் ஈரம் இருந்தால், அது ஆவியாகிப் போகும்போதே இந்த மெல்லிய படலத்திலிருந்து பத்து, பதினைந்து டிகிரியைப் பறித்துக்கொள்ளும். ஐம்பது டிகிரிதான் கையிருப்பு என்னும்போது அது சிறிய இழப்பல்ல. ஆகவே இங்கே குளிர் வானத்திலிருந்து வருவதைவிட, ஈரத் தரையிலிருந்தும் மெல்லிய படலத்திலிருந்தும் தாமதமாக வரும் டிப்பரிலிருந்துமே அதிகம் வருகிறது.

அப்படியானால் ஆலையிலேயே இன்னும் சூடேற்றி அனுப்பலாமே என்பது அடுத்த யோசனை. கேட்க எளிதாக இருக்கிறது; விளைவு மோசமானது. அளவை மீறிச் சூடேறிய தார் காற்றோடு வினைபுரிந்து கெட்டித்தன்மை கூடி, சீக்கிரமே வெடிப்பு விடுகிறது. வேலையாட்கள் மீது அடிக்கும் புகையும் கூடுகிறது. சாலை போடும்போது எழும் தார்ப்புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வகைப்படுத்தியது. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் இன்னும் பத்து டிகிரி புகையை வாங்கிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002இல் செய்துகாட்டிய பிளாஸ்டிக் சாலை முறையும், குறைந்த சூட்டில் வேலை செய்யவிடும் புதிய கலவைகளும் பயனுள்ளவை. அவற்றுக்கும் உரிய வெப்பத்தில் விரித்து, உரிய வெப்பத்தில் உருட்டி முடித்தாக வேண்டும். கலவை மாறினால் கடைப்பிடிக்க வேண்டிய எண் மாறும். கடைப்பிடிக்கும் ஆள் அதே ஆள்தான்.

அந்த ஆளைப் பார்ப்போம். இரும்புச் சட்டியில் கலவையைச் சுமக்கும் பெண்கள், வாரியால் இழுப்பவர், ரோலர் ஓட்டுநர் ஆகியோரில் பெரும்பாலோர் வேறு மாவட்டங்களிலிருந்தோ வட மாநிலங்களிலிருந்தோ வந்தவர்கள். கலவை ஆறத் தொடங்கியதை முதலில் அறிவது வாரி பிடிப்பவரின் கைதான். சூடான கலவை வாரிக்கு இளகி ஓடும். ஆறியது கட்டிகட்டியாக இழுபடும். ஆனால் ‘கையில் தெரிகிறது’ என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறுவது உலோகத் தண்டு வைத்த வெப்பமானி. டிப்பரில் குவிந்த கலவைக்குள் அதைக் குத்தினால் முள் எண்ணைச் சொல்லிவிடும். சாலை ஒப்பந்தத் தொகையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் முள் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கருவி பொறியாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வருவதாக இருந்தால், அது சாலையைக் காப்பதில்லை, கோப்பைத்தான் காக்கிறது.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் இடைத்தரகு வருகிறது. பெரிய ஒப்பந்தக்காரர் வேலையை எடுக்கிறார். பரப்பும் வேலையை உள்ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார். அவர் மேஸ்திரி வழியாக ஆள் பிடிக்கிறார். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்தபின் கடைசியில் கூலி, போட்டு முடித்த பரப்பைக் கணக்கிட்டுப் பேசப்பட்டால் என்ன ஆகும்? தரை காயும் வரை காத்திருந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி இல்லை. ஆறிய டிப்பரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய கூலியே இல்லை. அந்த நிலையில் வாய் திறக்காமல் பரப்பிவிட்டுப் போகும் தொழிலாளியைக் குறை சொல்வது அறமல்ல. தவறு செய்தால் லாபம், சரியாகச் செய்தால் பட்டினி என்று ஏற்பாடு செய்து வைத்துவிட்டுத் தரத்தைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்?

2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்புதானே, அந்தப் பயமே தரத்தைக் காக்காதா என்று கேட்கலாம். அது நல்ல விதி. ஆனால் அது சாலை பெயர்ந்த பிறகு பேசும் விதி. எங்கே ஆறிய கலவை விழுந்தது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. மழைமீது பழியைப் போட்டுவிட்டு மேலே ஒரு ஒட்டு வைத்தால் கணக்கு நேராகிவிடும். அத்தனையும் பதிவு செய்துகொண்டிருந்தால் வேலை தாமதமாகும், செலவு கூடும் என்ற மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. சில மணி நேரம் தாமதமாகத்தான் செய்யும். மூன்று ஆண்டில் அதே சாலையை மறுபடி போடும் செலவோடு பார்த்தால் அந்தத் தாமதம் மலிவானது.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு டிப்பரும் வந்த நேரமும் வெப்பமும் பணியிடத்திலேயே எழுதப்பட வேண்டும். அந்தத் தாளில் பொறியாளரோடு, பரப்பும் குழுவில் ஒருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். தரை காயும் நேரத்துக்கும் திருப்பி அனுப்பிய டிப்பருக்கும் குழுவுக்குக் கூலி உண்டென்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மார்ச் 31க்காக விடியற்காலையில் ஈரத் தரையில் வேலை தொடங்கக் கூடாது. மழையால் தள்ளிப்போன பணிக்கு நிதியாண்டு தாண்டியும் பணம் கிடைக்கும் வழியைத் துறை செய்ய வேண்டும். வெப்பம் எழுதிய அந்தத் தாள்கள் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். பெயர்ந்த சாலையைக் கையில் எடுத்துக் காட்டும் ஊர்க்காரருக்கு, அது எத்தனை டிகிரியில் போடப்பட்டது என்று கேட்கும் அதிகாரம் இதனால் கிடைக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேஸ்திரியோ வாரி பிடித்தவரோ அல்ல, பணத்தை வாங்கியவர்தான்.