எந்தக் குதிரை பெரிது?

குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதத் துணிந்தமைக்கு நேயர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் பந்தயக்காரரல்லோம். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதும் கிராணி. இதுகாறும் ஒரு பந்தயச் சீட்டுக்கூட நம் கையால் வாங்கியதில்லை. ஆயினும், இந்த நாற்காலியில் நாம் வந்து அமர்ந்ததற்கு ஒரு குதிரையே காரணமென்றால் அது மிகையாகாது. அக்குதிரையைப் பற்றி நால்வர் கூடி வாதாடக் கேட்டோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, சனிக்கிழமை. துணிமணியும் பலசரக்கும் வாங்கும்பொருட்டு இல்லாளையும் சிறுமகளையும் அழைத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து சிராங்கூன் ரோட்டுக்குப் புறப்பட்டோம். ஜொகூர் பாருவிலிருந்து குவீன் ஸ்திரீட் செல்லும் 170-ஆம் எண் பேருந்தில் ஏறுவோருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தின் சரித்திரம் முழுவதும் அதன் வழியிலே தலைகீழாக அமைந்து கிடக்கின்றது. முதலில் வருவது கிராஞ்சி. 1999 முதல் குதிரைகள் ஓடிய இடம். அதற்கப்பால் புக்கித் தீமா. 1933 முதல் 1999 வரை ஓடிய இடம். முடிவில் தேக்கா. அங்கே இறங்கிச் சற்று நடந்தால் ரேஸ் கோர்ஸ் ரோடும், அதையடுத்து ஃபேரர் பார்க்கும் வரும். 1842-ல் வெள்ளைக்காரர் சிலர் ஸ்போர்ட்டிங் கிளப் என்று ஒரு சங்கம் கூட்டி, 1843 பிப்ரவரியில் முதற் பந்தயத்தை நடத்தியது அத்திடலிலேதான். 1911-ல் சிங்கப்பூரில் முதன்முதல் ஆகாய விமானம் பறந்து காட்டியதும், 1942 பிப்ரவரி 17-ல் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரமாயிரமாய் ஜப்பானியர் வசம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேயே. இன்று குதிரையின் நிழலும் அங்கில்லை. வாழையிலை போட்டு மீன்தலைக் கறி பரிமாறும் கடைகளின் நடுவே, தெருவின் பெயர்ப்பலகை மட்டும் பழைய கதையைச் சுமந்துகொண்டு நிற்கின்றது.

நாம் சென்ற அன்று கிராஞ்சியிலும் குதிரைகள் கடைசி முறையாக ஓடின. நிலத்தை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்கவிருப்பதாக 2023 ஜூன் மாதமே அறிவித்துவிட்டார்கள்; அங்கே குடியிருப்பு வீடுகள் எழுமாம். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த காரியம் அன்று மாலையோடு முடிவுற்றது. நூறாவது சிங்கப்பூர்த் தங்கக் கோப்பையே கடைசிப் பந்தயம். ஸ்மார்ட் ஸ்டார் என்னும் குதிரை அதை வென்றது.

பெண்டிர் துணிக்கடைக்குள் நுழைந்தால் எப்பொழுது வெளிவருவார்களென்று சொல்ல இயலாதன்றோ? நாம் தேக்கா அங்காடியில் ஒரு தேநீர்க் கடை மேசையருகே அமர்ந்தோம். கிராஞ்சியிலிருந்து ரயிலேறி வந்த நால்வர், இடமின்மையால் அதே மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் டாக்சி ஓட்டுபவர். ஒருவர் நகைக்கடையில் பணிபுரியும் இளைஞர். மூன்றாமவர், பேசாது பந்தயப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டேயிருந்த ஒரு சீனர்; ஆனால் தமிழ் அவருக்கு விளங்கிற்றென்பது, பேச்சுக்குத் தக்கபடி அவர் தலையசைத்ததால் தெரிந்தது. நான்காமவர் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். புக்கித் தீமாவிலும் பின்பு கிராஞ்சியிலும் லாயத்தில் சைஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வாதம் இதுதான்: சிங்கப்பூரில் ஓடிய குதிரைகளுக்குள் ஒன்றுக்கு மாத்திரம் தலைமைப் பட்டம் சூட்டுவதானால் அது எது? டாக்சிக்காரர் ராக்கெட் மேன் என்றார். இளைஞர் லிம்ஸ் கோசியஸ்கோ என்றார்.

"அண்ணே, உங்கள் குதிரை 1200 மீட்டரைத் தாண்டினால் யாரென்று கேட்கும். எங்கள் குதிரை 2022-ல் 1200 மீட்டர் லயன் சிட்டி கோப்பையையும் வென்றது, 1600 மீட்டர் கிராஞ்சி மைலையும் வென்றது" என்றார் இளைஞர்.

"தம்பி, அது யாரை வென்றது? வெளிநாட்டுக் குதிரை எத்தனை வந்தது? நம் வீட்டுக் கொல்லையில் நாமே ஓடி நாமே ஜெயிப்பது ஒரு ஜெயமா? ராக்கெட் மேன் 2011 மார்ச்சில் துபாய்க்குப் போய் கோல்டன் ஷாஹீனை எடுத்துக்கொண்டு வந்தது. அதே மே மாதம் இங்கே கிரிஸ்ஃபிளையர் பந்தயத்தில் அயல்நாட்டார் முன்னிலையில் ஜெயித்தது. 27 ஓட்டத்தில் 20 வெற்றி!"

"மீதியில்?"

"ஆறு முறை இரண்டாவது."

"அப்படியானால் ஆறு பேர் அதைவிடப் பெரியவர்கள்" என்று இளைஞர் நகைத்தார்.

இவ்விதமான வாதம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 1937-ஆம் ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டத்தை, மூன்று பெரும் பந்தயங்களையும் ஒருசேர வென்ற வார் அட்மிரலுக்குக் கொடுத்தார்கள். சீபிஸ்கட்டின் அன்பர்கள் ஒப்பவில்லை. 1938 நவம்பர் முதல் தேதி பிம்லிகோ என்னும் இடத்தில் இரண்டையும் தனியே ஓடவிட்டார்கள். சீபிஸ்கட் நான்கு குதிரை நீளம் முந்தி வந்தது. அவ்வாண்டின் பட்டம் அதற்காயிற்று. அங்கே வழக்கைத் தீர்க்க வழியிருந்தது. பத்தாண்டு இடைவெளியில் ஓடிய இரு குதிரைகளை எந்தத் திடலில் கொண்டுவந்து நிறுத்துவது?

நாம் கேட்டுக்கொண்டிருந்தபொழுது ஒன்று நம் மனத்தில் பட்டது. இவ்விருவரும் தத்தம் குதிரைமீது பணம் கட்டிச் சம்பாதித்தவர்களாகத் தோன்றவில்லை. விசாரித்தோம், இல்லையென்றே இருவரும் சொன்னார்கள். காரணம் மிக எளிது. பந்தயக் கணக்கு எவ்வாறெனின், ஒரு குதிரை வெல்லுமென்று கட்டப்பட்ட பணமெல்லாம் ஒரே குவியலாகச் சேரும். கிளப்பின் பங்கும் அரசாங்கத்தின் வரியும் முதலில் கழியும். எஞ்சியதே வென்றவருக்குள் பங்கிடப்படும். எல்லோரும் ஒரே குதிரையை நம்பினால் பங்கு நூலாய் இளைத்துவிடும். மகா வீரனாகிய குதிரைக்குப் பத்து வெள்ளி கட்டினால், போட்ட பத்தோடு ஏதோ சில்லறை கூடி வரும். பந்தயக்காரனைப் பணக்காரனாக்குவது பெயர் தெரியாத நொண்டிக் குதிரையேயன்றி வீரனல்ல. ஆகவே, வீரக் குதிரையைப் போற்றுபவனும் சீட்டு வாங்குபவனும் ஒரே உடம்பில் குடியிருந்தாலும், இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள்.

இதை நாம் நன்கறிவோம். நம் தந்தையார் அத்தகைய மனிதர்.

அவர் தோட்டத்தில் தண்டல். தமக்குக் கிட்டாத ஆங்கிலம் மகனுக்குக் கிட்ட வேண்டுமென்று, நம்மைப் பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர்ப் பள்ளியில் சேர்த்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் நம்மை ஏற்றிச் சென்று பேருந்தில் விட்டபின்பே பிரட்டுக்குப் போவார். சனி, ஞாயிறுகளில் அதே பாலத்தைக் கடந்து கிராஞ்சிக்கும் போவார். பாலத்திலிருந்து பந்தயத் திடல் கூப்பிடு தூரமாக இருந்தது நம் குடும்பத்தின் தலைவிதி என்று அம்மா சொல்வதுண்டு. பெருந்தொகை கட்டிக் குடிமுழுகச் செய்தவரென்று அவரைச் சொல்ல முடியாது. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. எப்பொழுதும் யாரும் நம்பாத குதிரைமீதே. சம்பளத்தில் எலி கடித்தாற்போல் ஓர் ஓட்டை.

2010-ல் நமக்கு வயது இருபது. ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணைக்கு நாலாயிரம் ரிங்கிட் வேண்டும். வீட்டில் மூவாயிரம் இருந்தது. கடன் கேட்கத் தந்தையார் கூசினார். அவ்வாண்டு மே மாதம் கிரிஸ்ஃபிளையர் பந்தயம் வந்தது. ராக்கெட் மேன் ஓடுகிறது. ஊரே அதன் பக்கம். வாழ்வில் முதல் தடவையாகத் தந்தையார் புத்திசாலித்தனமாக நடக்க நினைத்தார். அதிகம் ஆசைப்படவில்லை. ஆயிரம் கூடினால் போதும். எவரும் நம்பாத குதிரையை விட்டு, எல்லோரும் நம்பும் குதிரையின்மேல் மூவாயிரம் ரிங்கிட்டையும், அக்காலத்து மதிப்பில் ஏறத்தாழ 1,300 வெள்ளி, 'வின்' கட்டினார். 'பிளேஸ்' கட்டியிருந்தால் இரண்டாவதாக வந்தாலும் முதலாவது மிஞ்சியிருக்கும்.

ஹாங்காங்கிலிருந்து வந்த கிரீன் பேர்டி மிகச் சிறிய இடைவெளியில் முந்திற்று. ராக்கெட் மேன் இரண்டாவது. முந்திய ஆண்டும் அதே பந்தயத்தில், அதே ஊரிலிருந்து வந்த சேக்ரட் கிங்டமுக்கு அது இரண்டாவதாகவே வந்திருந்தது. தந்தையார் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.

அவர் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பினார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாம் கேட்டோம்; இங்கே எழுதத்தகாத சொற்களால் கேட்டோம். அடுத்த மாதம் காரியாலயத்தில் இளநிலைக் கிராணி வேலை காலியாயிற்று. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் நம்மை எடுத்துக்கொண்டார்கள்.

மறு ஆண்டு அக்குதிரை துபாயில் வென்ற செய்தி பத்திரிகையில் வந்த அன்று, தந்தையார் அதைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைக் கண்டோம். அன்று நமக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நம் படிப்பைத் தின்ற குதிரையை இவர் கொண்டாடுகிறாரே என்று நாலு மாதம் அவருடன் பேசவில்லை. அவர் அதற்குப்பின் சீட்டு வாங்கியதில்லை. ஆனால் அக்குதிரை ஓடும் நாளில் மட்டும் கிராஞ்சிக்குச் சென்று பார்த்துவிட்டு வருவார். அதை அப்பொழுது நாம் நம்பவில்லை. அம்மாதான், சம்பளம் குறையாமல் வருகிறதென்று சொல்வாள்.

தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம், இது சூதன்று, திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்துப் பந்தயத்தைக் காப்பாற்றியது. திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உண்டு, சந்தேகமில்லை. சீட்டுக் கிழிப்பவனுக்கும் அதில் பங்கு கொடுத்த நீதிபதிகள் ஒரு தண்டலின் வீட்டை எட்டிப்பார்த்ததில்லை போலும். புராணங்களில் நமக்கு அவ்வளவாகப் பற்றில்லை எனினும், நளன் கதையில் ஓர் இடம் நினைவுக்கு வருகின்றது. சூதில் நாட்டையிழந்த நளன் குதிரையின் மனமறிந்தவன். இருதுபன்னன் சூதின் மர்மமறிந்தவன். இருவரும் வழியில் தத்தம் வித்தையை மாற்றிக்கொள்கின்றனர். இரண்டும் வெவ்வேறு வித்தை என்பது கதை செய்தவருக்குத் தெரிந்திருந்தது.

மேசைக்குத் திரும்புவோம். வாதம் முற்றி, இளைஞர் அந்தப் பெரியவரைப் பார்த்து, "ஐயா, நீங்கள் இரண்டையும் பார்த்தவர். நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

பெரியவர் தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்து கப்பலேறி வந்த மாதிரிதான், நம் தாத்தாமார் போல. இரண்டும் காயடித்தவை, குட்டி கிடையாது. இனி ஓட இடமும் கிடையாது. யாராவது பேசினால்தான் உண்டு. பேசுங்கள்."

"அது பதிலாகாதே, ஐயா."

"தோற்ற அன்று இரவு குதிரை தீனி தின்னுமா, தின்னாதா? சொல் பார்ப்போம்."

இளைஞர் விழித்தார்.

"தின்னும். வென்ற குதிரையும் தோற்ற குதிரையும் ஒரே அளவுதான் தின்னும். இரண்டாவது வந்தது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. ஓடச் சொன்னார்கள், முழுமூச்சாய் ஓடிற்று. லாயத்துக்கு வெளியே நிற்கிறவன்தான் பட்டினி கிடப்பான்."

பிறகு டாக்சிக்காரர் நம்மை நோக்கி, "அண்ணன் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்றார்.

நம் பணப்பையில் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கின்றது. 2019-ல் தந்தையார் காலமானபின் அவருடைய அடையாளக் கார்டோடு அது இருந்தது. துபாய்ச் செய்தி. அதன் மடிப்புக்குள் 2010-ஆம் ஆண்டுச் சீட்டு, எழுத்து மங்கி ஏறக்குறைய வெள்ளைக் காகிதமாய். இரண்டையும் அவர் ஏன் ஒன்றாக வைத்திருந்தாரென்று ஐந்து ஆண்டுகளாக நாம் யோசித்ததுண்டு. மூவாயிரத்தை விழுங்கிய குதிரை ஊரை ஏமாற்றவில்லை, அது மெய்யாகவே பெரிய குதிரைதான், தாம் நம்பியது தவறன்று என்று அவர் தமக்கே எடுத்துக்காட்டிக்கொண்டாரோ? மகனுக்குக் காட்ட வைத்திருந்து, மகன் முகம் கொடாததால் காட்டாமலே விட்டாரோ?

துண்டை எடுத்து மேசைமேல் விரித்தோம். சீட்டை எடுக்கவில்லை.

"ராக்கெட் மேன்" என்றோம்.

"பார்த்திருக்கிறீர்களா, அது ஓடி?"

"இல்லை. எங்கள் அப்பா பார்த்திருக்கிறார்."

டாக்சிக்காரர் வெற்றிக்களிப்புடன் மேசையைத் தட்டினார். பேசாதிருந்த சீனர் துண்டைக் கையிலெடுத்து ஒருமுறை பார்த்து, மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். அதற்குள் இல்லாளும் மகளும் பைகளோடு வந்துவிட்டார்கள். திரும்பும் பேருந்து கிராஞ்சியைக் கடக்கும்பொழுது மணி ஒன்பதிருக்கும். நிலையத்தில் பந்தயப் புத்தகத்தோடு சிலர் இன்னும் நின்றிருந்தார்கள். "இங்கே என்னப்பா இருக்கு?" என்று மகள் கேட்டாள். தாத்தா குதிரை பார்க்க வரும் இடம் என்று சொன்னோம்.