சும்மா இருந்த வருடங்களா அவை?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆள் தேவை என்று விளம்பரம் போட்டால், வந்து குவியும் ரெஸ்யூம்களைப் படித்துப் பிரிப்பது என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கினாலே பெரிய விஷயம்.

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று ஆரம்பித்து அப்பா பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு வரை போகும். சிலர் ஆதார் எண்ணையும் போட்டுவிடுகிறார்கள். இது என்ன, கல்யாணத்துக்குக் கொடுக்கும் ஜாதகமா? விண்ணப்பத்தில் இவை எதுவும் தேவையில்லை.

சென்ற ஆண்டு அக்கவுன்ட்ஸ் வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். 2014-ல் பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை. அதன் பிறகு ரெஸ்யூமில் ஒன்றுமே இல்லை. “இத்தனை வருஷம் வீட்ல சும்மா இருந்தவங்கம்மா, வேண்டாம்” என்றார் முதலாளி. ரெஸ்யூமோடு வந்திருந்த கவரிங் லெட்டரை அவரிடம் நீட்டினேன். சின்னக் கடிதம்தான்.

‘குழந்தைக்காக வேலையை விட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது என் கணவரின் தையல் யூனிட்டில் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. நானே கற்றுக்கொண்டேன். இப்போது மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி இரண்டையும் நான்தான் தாக்கல் செய்கிறேன். 14 பேரின் சம்பளக் கணக்கும் இ.எஸ்.ஐ.யும் என் பொறுப்பு. நீங்கள் கேட்டிருக்கும் ஜாப்வொர்க் பில்களும் டேலியும் எனக்குத் தினசரி வேலை.’

படித்து முடித்த முதலாளி, “வரச் சொல்லுங்க” என்றார்.

நேரில் வந்தவரிடம், “இதையெல்லாம் ஏன் ரெஸ்யூமில் போடவில்லை?” என்று கேட்டேன். “சம்பளம் வாங்காத வேலைங்க. அதைப் போய் அனுபவம்னு போடலாமுங்களா?” என்றார்.

தாராளமாகப் போடலாம். போடத்தான் வேண்டும். எந்த வருடம் முதல், எங்கே, என்ன வேலை, எத்தனை பேருக்கு என்று எழுதினால் அது அனுபவம்தான். ‘கணக்கில் நல்ல அனுபவம்’ என்பதைவிட ‘14 பேரின் சம்பளக் கணக்கு’ என்பதற்கு எடை அதிகம். ஆனால், செய்ததை மட்டுமே எழுதுங்கள். நேர்காணலில் இரண்டு கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கவரிங் லெட்டரில் ரெஸ்யூமையே திருப்பி எழுத வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருப்பவற்றில் முக்கியமான இரண்டை எடுத்து, ‘இதை நான் இங்கே செய்திருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் சலிப்பது சாஃப்ட்வேர்தான். அதனால் விளம்பரத்தில் உள்ள அதே வார்த்தைகள் உங்கள் ரெஸ்யூமிலும் இருப்பது நல்லது. இரண்டு பக்கத்துக்குள் முடித்து, பிடிஎஃப்பாக அனுப்புங்கள். ஃபைலுக்கு ‘நியூ ரெஸ்யூம் 2’ என்று பெயர் வைத்தால் எங்களால் தேடி எடுக்க முடியாது. உங்கள் பெயரையே வையுங்கள்.

அந்தப் பெண் இப்போது எங்கள் அலுவலகத்தில் ஜிஎஸ்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். ரெஸ்யூம் எழுத உட்காரும் தோழிகளே, ‘வீட்டில் சும்மா இருந்தேன்’ என்று நினைக்கும் வருடங்களை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடைக்கணக்கு, டியூஷன், சுயஉதவிக் குழு வரவு செலவு... உங்கள் ரெஸ்யூமின் நல்ல வரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.