ஆமணக்கும் உப்பும்

பெரியவர் பையை வாங்கி ஜிப்பைத் திறந்தார். முகத்தை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்தார். எனக்குக் கூசியது. மூன்று மாதமாக நானே பக்கத்தில் கொண்டுபோகாமல் அலமாரியின் அடித்தட்டில் ஒதுக்கி வைத்திருந்த பை அது. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பேருந்தில் அதைக் காலடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு மீன் கூடை. ஐஸ் உருகி ஓடிவந்த தண்ணீர் பையின் அடியில் தேங்கியது இறங்கும்போதுதான் தெரிந்தது.

“சோப்பு போட்டீங்களா தாயி?”

“போட்டேன் ஐயா. ரெண்டு தடவை.”

“வெயில்ல காய வச்சீங்க.”

இதை அவர் கேட்கவில்லை, சொன்னார். மேல்மடிப்பில் கட்டைவிரலை ஓட்டியதுமே தெரிந்துவிட்டது. தோல் அந்த இடத்தில் அப்பளம் போல விறைத்திருந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் கோட்டை தெரியும். 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மனின் பழைய கோட்டையை 1801இல் வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கி, இனி யாரும் குடியேறக் கூடாதென்று நிலத்தை உழுது ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள் என்று சொல்வார்கள். இங்கே வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அன்று முழுவதும் இந்த இரண்டு சொற்களும் என்னை விடவில்லை. பெரியவரின் தொழிலில் பாதி, தோலிலிருந்து உப்பை இறக்குவது. மீதியில் ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஏற்றுவது.

வாரத்தில் ஆறு நாள் தூத்துக்குடியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து செருப்பும் பையும் தைக்கிறார். கறை, வாடை என்று வருகிற பைகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு எடுத்துவந்துவிடுவார். அந்த வேலைக்கு நிழலும் காற்றும் வேண்டும், அவசரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான். அவர் மனைவிக்கும் இதில் சரிபாதி வேலை. பழைய உள்துணியைப் பிரிப்பதும், புதுத் துணி வெட்டித் தையல் மிஷினில் அடிப்பதும் அந்த அக்காதான்.

என் பையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அக்கா பிளேடு முனையால் உள்துணியின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். தோலில் கீறல் விழவில்லை. துணியை வெளியே இழுத்ததும் அடியில் ஓர் அட்டை தெரிந்தது. பை உருக்குலையாமல் நிற்க வைக்கும் சாதாரண அட்டைதான். கறுத்து, ஊறி, ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. அவர் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் குமட்டியது.

“தோலு எப்பவோ காஞ்சு போச்சு. இதுதான் காயல. எல்லாரும் வெளியில துடைக்காவ. நாத்தம் இருக்கது உள்துணியிலயும் அட்டையிலயும், அதை ஒட்டின பசையிலயும்.”

முன்பு நகரத்தில் ஒரு கடையில் இதே பையைக் கொடுத்து நல்ல தொகையும் கட்டியிருந்தேன். மேலே பளபளப்பேற்றி, உள்ளே ஏதோ வாசனை அடித்துத் தந்தார்கள். யாரும் உள்துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மீன் வாடை திரும்பி வந்தது. பெரியவருடைய வேலை பிரிப்பதில் தொடங்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

அட்டை குப்பைக்குப் போனது. துணியும் போனது. தோலின் உட்பக்கத்தை, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. மீன் வாடைக்கு ஏன் வினிகர் என்று கேட்டேன். “நீங்க மீன் கழுவுறப்ப புளி போடுவீங்கல்ல?” என்றார் அக்கா. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பதிலுக்குள் நல்ல ரசாயனம் இருக்கிறது. மீன் கெடும்போது எழும் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமீன். அது காரத்தன்மை உள்ளது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். இரண்டும் சேர்ந்தால் அது காற்றில் எழ முடியாத உப்பாக மாறிவிடும். சமையல் சோடாவும் காரம்தான். அதனால்தான் வீட்டில் நான் தூவிய சோடா பழைய வேர்வை வாடையைக் குறைத்ததே தவிர மீனிடம் எடுபடவில்லை. சோப்பு செய்த கெடுதலும் காரத்தால்தான். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். சோப்பின் காரம் அந்த நிலையைக் குலைக்கும், எண்ணெயையும் உருவிவிடும். தோல் விறைப்பது அதனால்.

ஈரம் போன பிறகு பைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். அடுத்து இரண்டு மூன்று நாளைக்கு, துணியில் முடிந்த அடுப்புக்கரி உள்ளே கிடக்கும். அதற்குப் பிறகுதான் புது உள்துணி. அட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகடு வைப்பாராம். “அட்டை வச்சா அடுத்த மழைக்கு நீங்க திரும்பி வருவீங்க. எனக்கு வரும்படிதான். ஆனா வேண்டாம்.”

பையில் இன்னொரு குறையும் இருந்தது. கைப்பிடி சேருமிடத்தில் ரிவெட்டைச் சுற்றி மை கொட்டியது போல ஒரு கருவளையம். நான் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்து நிறத்தை வெளுக்க வைத்திருந்தேன். பெரியவர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“அப்ப இது மரப்பட்டையில பதப்படுத்தின தோலு. நல்ல சாமான் வாங்கியிருக்கீங்க.”

கோட்டைக்கு வரும் சாலையின் இருபுறமும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரஞ்செடியைக் கைகாட்டினார். ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறித்தான் பதப்பட்டது. சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போன தோலும் அதுவே. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் குரோமியத்தால் பதனிடும் முறையைப் பழக்கினார். இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பெரும்பகுதி குரோம் தோல்தான். பட்டைத் தோலில் துவர்ப்புச் சத்து இருக்கும். இரும்புத் துரு அதைத் தொட்டால் நீலக்கறுப்பாகிவிடும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கலந்து நம் முன்னோர்கள் மை காய்ச்சினார்களே, அதே வினை. தூத்துக்குடியின் உப்புக்காற்றில் ரிவெட் துருப்பிடித்து என் பையில் தானே மை காய்ச்சிக்கொண்டது.

அடுத்து அவர் செய்ததை நான் மிக அருகிலிருந்து பார்த்தேன். எலுமிச்சையை வெட்டி, சாற்றை ஒரு மூடியில் பிழிந்து, விதையையும் சக்கையையும் விரலால் எடுத்துப் போட்டார். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றினார். முதலில் மடிப்பின் உட்புறம் யாரும் பார்க்காத ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, பீடி ஒன்று முடியும் நேரம் காத்திருந்தார். தோல் நிறம் மாறவில்லை. அதற்குப் பிறகே கருவளையத்தின் வெளி விளிம்பில் தொட்டார். ஒரு தொடல், ஈரத்துணியால் ஓர் ஒற்றல். மறுபடி ஒரு தொடல். கறுப்பு முதலில் ஊதாவானது, பின் பழுப்பானது. ரிவெட்டை ஒட்டி ஒரு நூலளவு கறுப்பு மிச்சம் இருந்தபோது நிறுத்திவிட்டார். “இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே ஐயா” என்றேன்.

“எடுக்கலாம். தோலும் கூட வந்துரும்.”

பிறகு எலுமிச்சைப் புளிப்பு தங்காதபடி வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று முறை ஒற்றினார். ஈரம் உலர்ந்த பின் ஆமணக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து அவரே உருக்கி வைத்திருக்கும் களிம்பை, உள்ளங்கைச் சூட்டில் இளக்கிப் பட்டும் படாமலும் தடவினார். தேங்காயெண்ணெயை அவர் தொடுவதில்லை. சிக்கு வாடை எடுக்குமாம், தோலும் திட்டுத்திட்டாகக் கறுக்குமாம்.

எல்லாக் கறைக்கும் அவர் இறங்கிவிடுவதில்லை. ஓர் ஆசிரியையின் பை, பந்துமுனைப் பேனாக் கோடு விழுந்து வந்திருந்தது. பூச்சுக் கொடுத்த குரோம் தோல் அது. சாராயச்சத்துள்ள எதைத் தொட்டாலும் மையோடு மேல்பூச்சும் கழன்று வெள்ளைத் திட்டு விழும். ‘வேண்டாம்’ என்று துண்டுக் காகிதத்தில் எழுதிச் செருகியிருந்தார். எண்ணெய்க் கறை பட்ட ஒரு பைமேல் முகப்பவுடரைக் கனமாகக் கொட்டி இரவெல்லாம் விட்டிருந்தார். பவுடர் பிசுக்கை உறிஞ்சி மஞ்சளாகியிருந்தது. வருகிறவற்றில் பாதி தோலே இல்லையாம். ரெக்சின், அல்லது துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு. இந்தக் கடற்கரை ஈரத்தில் சில வருடங்களில் பூச்சு செதில் செதிலாக உரியும். “லெதருன்னு சொல்லித்தான் வித்திருப்பாவ. வாங்கினவங்க கிட்ட இதைச் சொல்றதுதான் கஷ்டம்.”

உப்புதான் அவருக்கு ஓயாத வேலை. உப்பளங்களுக்குப் போய்வருகிறவர்களின் பணப்பை, கணக்கரின் தோள்பை எல்லாவற்றிலும் வெள்ளைக்கோடு பூத்திருக்கும். ஈரத்தில் கரைந்து உள்ளே போகிற உப்பு, காயும்போது ஓரத்துக்கு ஏறிப் பரலாகிவிடும். ஒருமுறை துடைத்தால் போகாது. வினிகர் துணி, உலர்த்தல், மறுநாள் மறுபடி பூக்கும், மறுபடி துணி. இப்படி நாலைந்து நாள். இதே உப்பு இல்லையென்றால் தோல் தொழிலே கிடையாது என்பதை அவர் நினைவூட்டினார். ஆட்டை உரித்த சில மணி நேரத்துக்குள் பச்சைத் தோலில் உப்பைப் போடாவிட்டால் அழுகிவிடும். அந்த உப்பு தோல் பதனிடும் ஆலையில் கழுவப்பட்டு வெளியேறிப் பாலாற்றங்கரைக் கிணறுகளை என்ன செய்தது என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தந்த தீர்ப்பு சாட்சி. என் தோளில் தொங்கும் பைக்குப் பின்னால் அந்தக் கிணறுகளும் இருக்கின்றன.

மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் இவருடைய தாத்தா, தண்ணீர் மொள்ளும் கூனைக்குத் தோல் வால் தைத்தவர். இந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் அந்த வால் வழியாகத்தான் வாய்க்காலில் விழுந்தது. வால் கிழிந்தால் பயிர் வாடும். ஆனாலும் கூலித் தானியத்தை அளக்கும்போது களத்துக்கு வெளியேதான் நிற்கச் சொல்வார்களாம். காரணமாகச் சொன்னது தோல் நாற்றம். பெரியவர் இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, “இப்பவும் தூத்துக்குடியில பையைக் காலால தள்ளிவிட்டுப் போறவங்க இருக்காவ” என்றார். ஈரம் பட்ட பட்டைத் தோலையும் குரோம் தோலையும் விரல் தொட்டுப் பிரித்துச் சொல்கிற அறிவு இது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு ஆய்வகமும் பட்டமும் இருக்கின்றன. தெருவில் உட்கார்ந்தால் மட்டும் அது அறிவாக எண்ணப்படுவதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் மகள் செவிலியர் படிப்பு படிக்கிறாள். அருந்ததியருக்கு 2009இல் வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் உயர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையைப் பற்றிக் கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடாகி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோன நாட்கள் அவை. தண்ணீர் வடிந்த பிறகு பெரியவரிடம் சாக்குச் சாக்காகப் பைகள் வந்தன. சேறு, சாக்கடை, பூஞ்சை. பச்சையும் வெள்ளையுமாக ரோமம் முளைத்தது போல இருந்ததாம். பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக் கூடாது, தூள் பறந்து மற்றப் பைகளிலும் ஏறும், நெஞ்சுக்கும் ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, உலர்ந்த பிரஷால் தட்டினார்கள். அப்புறம்தான் ஈரத்துணி. “காசு பேசல தாயி. வந்தவங்க வீட்டுல அரிசியே இல்ல. அந்தப் பையில ரேஷன் கார்டும் பத்திரமும் வச்சிருந்தாவ. பத்திரம் போச்சு, பையாவது மிஞ்சட்டும்னு கேட்டாவ.”

திண்ணைச் சுவரில் ஆணியடித்து நாலு பை தொங்கின. அந்த வெள்ளத்தில் வந்தவை. கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. ஒன்று நல்ல தவிட்டு நிறப் பட்டைத் தோல். கைப்பிடியில் ஒரு பெண்ணின் பிடி பதிந்து பளபளத்த தடம் அப்படியே இருந்தது. பெயர் எழுதிய சீட்டை எலி கடித்துவிட்டதாம்.

சாயங்காலம் கடற்காற்று ஏறத் தொடங்கியதும் அக்கா எழுந்தார். நாலையும் ஆணியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவி, முகர்ந்து பார்த்து, உப்புக்காற்று படாத உள்சுவரில் மாட்டினார். தவிட்டு நிறப் பைக்கு மட்டும் விரல் நுனியில் கொஞ்சம் களிம்பெடுத்துக் கைப்பிடியில் தேய்த்தார். என் பை கிளையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

“அதையும் உள்ள எடுத்துரு” என்றார் பெரியவர்.