தட்டும் ஒலி

காரின் இயந்திரம் சுமையோடு மேடேறும்போது, தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போன்ற ஓர் ஒலி எழுவதுண்டு. பணிமனையில் இதனை ‘நாக்கிங்’ என்பர். பிளக்கின் பொறியில் தோன்றும் சுடர் சீராகப் பரவி முடியுமுன்னரே, எஞ்சிய பெட்ரோல் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பதால் வருவது அது. தரம் குறைந்த பெட்ரோல், முந்திவிட்ட டைமிங், உள்ளே படிந்த கரி, மிகுந்த சூடு ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். ஆகவே ஒலி மட்டுமே நோயைச் சொல்லிவிடாது, சோதித்தறிதல் வேண்டும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிளைப்பங்குகளுக்குத் திருப்பலிக்குச் செல்ல நாம் பயன்படுத்திய பழைய காரில் கடந்த கோடையில் இவ்வொலி எழுந்தது. அதனை விற்றுவிட முன்பே எண்ணியிருந்தோம். பட்டுச் சேலைகளைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல வண்டி தேடிய நெசவாளர் ஒருவர் வாங்க இசைந்திருந்தார். “ரேடியேட்டரில் ஒழுக்கடைக்கும் மருந்தை ஊற்றி, டைமிங்கைத் திருத்தினால் சத்தம் அடங்கிவிடும். அப்படியே கொடுத்துவிடலாம் ஃபாதர்” என்று நலம் விரும்பிகள் சிலர் கூறினர்.

1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் நாக்கிங் நிற்கும் எனக் கண்டார். அது உண்மையாகவே நின்றது, இயந்திரங்களும் வலுப்பெற்றன. ஆனால் அதற்கு விலை கொடுத்தோர் வேறு. 1924-இல் நியூ ஜெர்சி ஆலையில் அச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மாண்டனர். புகையோடு கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் அது 2000-இல்தான் நீக்கப்பட்டது; உலகெங்கும் கார் பெட்ரோலிலிருந்து ஒழிய 2021 வரை ஆயிற்று. நமது வண்டியின் ஒலி அடங்குவதற்கும் பிறர் விலை கொடுப்பது முறையாகுமோ?

எனவே மெக்கானிக்கிடம் முழுமையாகச் சோதிக்கச் சொன்னோம். டைமிங்கைத் திருத்தியதும் ஒலி குறைந்தது. ஆயினும் சூட்டைக் காட்டும் முள் இறங்கவில்லை. தரையில் ஒழுக்கே இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும் நாள்தோறும் குறைந்தது. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து முடுக்கியபோது, நீரில் குமிழிகள் ஓயாது எழுந்தன. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தமும் குறைந்திருந்தது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் கேஸ்கட் பழுதுற்றது தெளிவாயிற்று. நீர் குறையவே சூடு மிகுந்தது. சூடு மிகவே ஒலி எழுந்தது.

ஹெட்டைக் கழற்றிச் சமன்செய்து, புதிய கேஸ்கட் பொருத்தச் செய்தோம். நடந்ததனைத்தையும் நெசவாளரிடம் கூறி, பழைய கேஸ்கட்டையும் காட்டினோம். கருகிய இடத்தை விரலால் தடவியவர், “எங்க கோர்வை மாதிரிதான் சாமி. உடலும் கரையும் சேர்ற இடம் சரியில்லைன்னா சேலை நிக்காது” என்றார். மூன்று நாடாக்கள் கொண்டு உடலையும் கரைகளையும் கோத்திணைக்கும் கைகள் அவருடையவை. விலையில் சிறிது குறைத்துக் கேட்டார், இசைந்தோம்.

வாழ்வின் சுமை ஏறுகையில் நம் உள்ளத்திலும் மனச்சான்று இவ்வாறு ஒலிக்கின்றது. அதனை அடக்கும் மருந்துகளுக்குக் குறைவில்லை. ஆன்ம சோதனை என்பதோ, அவ்வொலி எங்கிருந்து எழுகின்றது எனப் பொறுமையோடு தேடுவதாகும். நமது அமைதிக்காக யார் விலை கொடுக்கின்றனர் எனக் கேட்பதும் அதனுள் அடங்கும்.